அவருக்கு உண்டு, எனக்கு இல்லை

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை முதலில் வாசகர்முன் வைக்க விரும்புகிறேன். அம்பத்தூர்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் பங்கும் வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கணவர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்பவர். மணமாகிப் பதினோரு ஆண்டுகள், பிள்ளைகள் இருவர். சில மாதங்களுக்கு முன் கணவருக்கு விடாத இருமல் கண்டு, சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. காசநோயாளர் எல்லாருக்கும் செய்கிற வழக்கப்படி எச்.ஐ.வி. சோதனையும் செய்தார்கள். கிருமி இருப்பதாக முடிவு வந்தது. அடுத்த வாரமே மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்துச் சோதித்தார்கள். மூவருக்கும் இல்லை.

அந்தச் சகோதரி எழுதுகிறார்: “அவருக்கு உண்டு, எனக்கு இல்லை. இத்தனை ஆண்டுகள் ஒரே பாயில் படுத்தும் எனக்கு எப்படி வராமல் போயிற்று? இனிமேல் வராது என்று இருக்கலாமா? அம்மா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்கிறார். மாமியாரோ, வெளியே தெரிந்தால் நாத்தனாருக்கு வரன் அமையாது, வாயைத் திறக்காதே என்கிறார். அவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்திருக்கிறேன். அதில் சாப்பிடும்போது அவர் தலை நிமிர்வதில்லை. நான் செய்வது சரிதானா?”

குடும்பத்தார் கூடி வாசிக்கும் இதழில் இப்படியொரு கடிதத்தை வெளியிடலாமா என்று நண்பர் ஒருவர் தயங்கினார். மணமானவர்களும் மணம் முடிக்கப் போகிறவர்களும் படிக்கும் இதழில் சொல்லாததை வேறெங்கே சொல்வது என்று நான் கேட்டேன். ஆகவே இம்முறை மற்றக் கடிதங்களை ஒத்திவைத்துவிட்டு இது ஒன்றுக்கே பதில் எழுதுகிறேன்.

இந்த நோய் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986 ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் இந்த ஆய்வை ஒப்படைத்தார். இங்கெல்லாம் அந்த நோய் ஏது என்றுதான் அன்று பலரும் எண்ணினார்கள். நிர்மலாவுக்கே தயக்கம் இருந்ததாம். அவருடைய கணவர்தான் ஊக்கமூட்டினார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், பாலியல் தொழிலில் சிக்கிய பெண்கள் காவலில் வைக்கப்பட்டிருந்த இல்லத்தின் வாசலில் மனைவியை இறக்கிவிட்டவர் அவரே. எடுத்த இரத்த மாதிரிகளை வைக்கத் தனி இடம் இல்லை. வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். பின்னர்க் கணவனும் மனைவியுமாய் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் எடுத்துக்கொண்டு இரவு இரயிலேறி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார்கள். அங்கே செய்த சோதனையில் ஆறு மாதிரிகள் நோயைக் காட்டின.

செய்தி வெளியானதும் ஊர் என்ன சொல்லிற்று? “அது அப்படிப்பட்ட பெண்களுக்கு வருவது” என்றது. அந்தப் பெண்களிடம் வந்து போன ஆண்கள் எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று கேட்டவர் மிகச் சிலர். அந்தப் பெண்களுக்கு அதைக் கொடுத்தவர் யார் என்று கேட்டவர் அதனினும் சிலர்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து அதற்கு விடை அச்சில் வந்தது. சுனிதி சாலமன் 1993 இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்துக்குச் சிகிச்சை நாடி வந்த 134 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐவரில் நால்வர் இல்லத்தரசிகள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர், வாழ்நாளில் ஒரே ஆடவரைத் தவிர வேறு எவரையும் அறியாதவர்கள். கற்பு அவர்களைக் காக்கவில்லை. திருமண மேடையில் வாக்களித்த இருவரில் ஒருத்தி மட்டும் வாக்கைக் காத்தால், அந்தக் காவல் பாதி வேலிதானே!

இதைச் சொல்வதால் நம் சகோதரியின் கணவர்மேல் பழி சுமத்துவதாக எவரும் கொள்ள வேண்டாம். இந்தக் கிருமி உடலில் புகுந்தபின் எட்டுப் பத்து ஆண்டுகள் வரை வெளியே ஓர் அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். மணத்துக்கு முன் வந்ததா, பின் வந்ததா, எவ்வழியில் வந்ததா என்பதெல்லாம் கணவனும் மனைவியும் ஒருநாள் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டியவை. கடிதம் படிக்கும் எனக்கோ, அண்டை வீட்டாருக்கோ அதில் உரிமை இல்லை.

இனி அவருடைய முதல் கேள்வி. இத்தனை ஆண்டுகளில் எப்படி வராமல் போயிற்று?

எச்.ஐ.வி. நாம் அஞ்சுவதைப் போல் தொட்டவுடன் பற்றும் நெருப்பன்று. கிருமியுள்ள கணவனோடு ஒருமுறை கூடுவதால் மனைவிக்கு அது தொற்றும் வாய்ப்பு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கின்படி, பத்தாயிரத்தில் சுமார் 8. கிருமியுள்ள மனைவியிடமிருந்து கணவனுக்கு என்றால் பத்தாயிரத்தில் சுமார் 4. சிகிச்சையும் தடுப்பும் இல்லாத நிலையில் இந்தக் கணக்கு. இவ்வளவுதானா என்று சிலர் பெருமூச்சு விடலாம். அவசரப்பட வேண்டாம். இல்லறம் ஒரு நாளைய உறவா? ஆண்டுக்கு நூறு முறை என்று வைத்துக்கொண்டால், அத்தகைய மனைவியர் நூறு பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் அந்த ஓராண்டிலேயே நோய்க்கு ஆளாவார்கள். ஐந்தாண்டுகளில் மூவரில் ஒருத்தி. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் இராக்காய் மாவட்டத்தில், ஒருவருக்கு மட்டும் கிருமியிருந்த 415 தம்பதியரைக் கவனித்து 2000 இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் இரண்டரை ஆண்டுக்குள் 90 பேருக்குத் துணைவரிடமிருந்து அது வந்து சேர்ந்திருந்தது. அவர்களுள் பலருக்குத் தம் துணைவருக்கு நோய் இருப்பதே தெரியாது.

ஆகவே, சகோதரி, தங்களுக்கு வராதது அதிசயமும் அன்று. தங்கள் இரத்தத்துக்கு ஏதோ தனிச் சக்தி உண்டு என்பதற்குச் சான்றும் அன்று. மூவரில் ஒருத்திக்கு வந்த இடத்தில், வராத இருவரில் தாங்கள் ஒருவர். அதே ஆட்டத்தை இன்னும் ஐந்தாண்டு ஆடிப் பார்ப்பது அறிவுடைமையாகாது.

அந்த எட்டும் நான்கும் நிலையான எண்களும் அல்ல. கிருமி புகுந்த முதற் சில வாரங்களில் அது இரத்தத்தில் பெருவெள்ளமாய்ப் பெருகும். தொற்றும் வாய்ப்பும் அப்போது பன்மடங்காகும். கொடுமை என்னவென்றால், அந்தச் சில வாரங்களில் சோதனை “இல்லை” என்றே காட்டிவிடக்கூடும். நோய் முற்றிய காலத்திலும் அப்படியே பெருகும். இருவரில் எவருக்கேனும் பால்வினைப் புண் இருந்தால் கிருமிக்குக் கதவு திறந்தாற்போல் ஆகும். பெண்ணுக்கு ஆபத்து மிகுதி என்பதற்கு உடலமைப்பே காரணம்: கிருமி தங்கக்கூடிய உட்சவ்வின் பரப்பும், அது தங்கும் நேரமும் பெண்ணுக்கே அதிகம். வயது முதிராத பெண்ணுக்கு இன்னும் அதிகம். சிறுவயதில் மகளைக் கட்டிக்கொடுக்கத் துடிக்கும் பெற்றோர் இதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றே. இரத்தத்தில் கிருமி எவ்வளவு உள்ளது என்பதே அது. இராக்காய் ஆய்விலேயே, இரத்தத்தில் கிருமி மிகக் குறைவாயிருந்தவர்களிடமிருந்து எவருக்கும் நோய் பரவவில்லை என்பது கண்டறியப்பட்டது. அப்படியானால் மருந்தினால் கிருமியைக் குறைத்துவிட்டால்? இந்தக் கேள்விக்கு விடை காண ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியர் முன்வந்தார்கள். எல்லாரும் இந்தச் சகோதரியையும் அவர் கணவரையும் போன்றவர்கள்: ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. இந்தியாவில் அந்த ஆய்வு நடந்த ஊர்கள் புனேயும் நம் சென்னையும். பாதிப் பேருக்கு உடனே மருந்து தொடங்கினார்கள். மறுபாதிக்கு, அக்காலத்து வழக்கப்படி, எதிர்ப்பாற்றல் குறைந்தபின் தொடங்குவது என்று முடிவு. 2011 ஆம் ஆண்டு மே மாதம் கணக்கெடுத்தபோது, கிருமியுள்ள துணைவரிடமிருந்தே வந்தது என்று உறுதியான தொற்றுகள் 28. அவற்றில் 27, மருந்துக்குக் காத்திருந்த பக்கம். உடனே மருந்து பெற்றவர் பக்கம் ஒன்றே ஒன்று. இந்த வேறுபாட்டைக் கண்டபின் காத்திருக்க வைப்பது முறையன்று என்று கருதி, முடிவைக் குறித்த காலத்துக்கு முன்பே வெளியிட்டு, எல்லாருக்கும் மருந்து கொடுத்துவிட்டார்கள். பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மருந்தால் கிருமி நிலையாக அடங்கியிருந்த எவரிடமிருந்தும் துணைவருக்கு நோய் செல்லவில்லை. ஐரோப்பாவில் 888 தம்பதியரைக் கொண்டு நடந்து 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வும் அதையே கண்டது. அவர்கள் உறை எதுவும் அணியாதவர்கள். ஆயினும் கிருமி அடங்கியிருந்த துணைவரிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூட இல்லை.

இதை இருமுறை படியுங்கள், சகோதரி. தங்கள் கணவர் நாள் தவறாமல் மருந்து உட்கொண்டு, அவருடைய இரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கி, அந்த நிலையிலேயே நீடித்தால், தங்களுக்கு அவரிடமிருந்து உறவின் வழியாக எச்.ஐ.வி. வராது. குறைவாக வரும் என்று சொல்லவில்லை. வராது.

அந்த நிலைக்கு வரும்வரை என்ன செய்வது? கணவர் இப்போது காசநோய் மருந்து உட்கொள்கிறார். அதைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்குவார்கள், எப்போது என்பதை ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவர் சொல்லட்டும். 2004 ஏப்ரலில் அரசு இம்மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது நாட்டிலேயே சில மருத்துவமனைகளில்தான் கிடைத்தது. தாம்பரம் சானடோரியம் அவற்றுள் ஒன்று. ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறிப் போனவர்கள் உண்டு. அதுவும் எதிர்ப்பாற்றல் நன்கு குறைந்தவர்களுக்கு மட்டுமே. 2017 முதல், சோதனையில் கிருமி இருப்பதாகத் தெரிந்த எல்லாருக்கும் உடனே மருந்து என்பது நாட்டின் கொள்கை. பெரும்பாலோர்க்கு இப்போது நாளுக்கு ஒரே மாத்திரை. கிருமி அடங்கப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். இரத்தத்தில் அதன் அளவைக் காணும் சோதனையும் அரசு மையங்களில் இலவசமே. “அடங்கிவிட்டது” என்று அந்தச் சோதனை சொல்லும்வரை விலகியிருப்பதோ ஆணுறையோ தேவை. ஆணுறையை முறைப்படி எப்போதும் பயன்படுத்தினால் ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைகிறது என்பது ஆய்வுகளின் முடிவு. முழுக் காவல் அன்று; பெருங்காவல்.

இந்த இடத்தில் நம் வாசகர் சிலர் புருவம் நெரிப்பார்கள் என்று அறிவேன். திருச்சபையின் போதனை எனக்கும் தெரியும். 2010 இல் வெளிவந்த நேர்காணல் நூலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், தொற்றைத் தடுக்கும் நோக்கோடு அதைப் பயன்படுத்துவது சிலருடைய நிலையில் பொறுப்புணர்வின் முதற்படியாக இருக்கலாம் என்று கூறியதும், அது என்ன பொருளில் கூறப்பட்டது என்று பெரியோர் விவாதித்ததும் தெரியும். மனசாட்சியில் கலக்கமுள்ள தம்பதியர் தம் பங்குத் தந்தையோடு தனியே பேசட்டும். மருத்துவ உண்மையை மறைத்து ஒரு தாயைப் படுகுழிக்கு அனுப்புவது இந்தப் பகுதியின் வேலையன்று.

கிருமி அடங்குமுன் உறை கிழிந்துபோனாலோ, எதிர்பாராமல் உறவு நேர்ந்தாலோ, மனைவி 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் செல்ல வேண்டும். 28 நாள் மருந்து உண்டு, எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. தங்களுக்கு வந்திருக்கும் “இல்லை” என்ற முடிவும் இறுதி முடிவன்று, சகோதரி. கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அரசு மருத்துவமனைகளில் “நம்பிக்கை மையம்” என்று பெயர்ப்பலகை மாட்டிய அறை இருக்கும். கட்டணம் இல்லை, முடிவை வேறெவரிடமும் சொல்லமாட்டார்கள். தொலைபேசியில் கேட்க 1097 என்ற எண் உண்டு.

இனி அம்மாவும் மாமியாரும். அம்மாவின் அச்சம் பெற்ற வயிற்றின் அச்சம். அதைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. ஆனால் அவர் அறிந்திருப்பது இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நோயை. எலும்பும் தோலுமாய்ப் பாயில் கிடந்து மாய்ந்தவர்களை அவர் கண்டிருக்கலாம். இன்று காலத்தில் மருந்து தொடங்கியவர் வேலைக்குப் போகிறார், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார், பேரப்பிள்ளைகளையும் காண்கிறார். சுனிதி சாலமன், 2015 இல் இறக்கும்வரை, கிருமியுள்ளவர்களுக்குப் பொருத்தம் பார்த்துத் திருமணமே முடித்துவைத்தவர். கல்யாணத் தரகர் வேலை பார்க்கும் டாக்டர் என்று அவரைப் பலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அம்மாவை அடுத்த முறை மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் நம்புவார். அதன்பின்னும் பிரிந்திருப்பதா சேர்ந்திருப்பதா என்பது தங்கள் முடிவு. பயத்தால் எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டாம் என்பது மட்டுமே என் விண்ணப்பம்.

மாமியார் சொல்வதில் பாதி சரி, பாதி பெருந்தவறு. ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை என்பது சரி. தொழிற்பேட்டையில் முதலாளிக்குச் சொல்லவும் தேவையில்லை. 2017 இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், இந்நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதையும், வேலைக்குச் சேர்க்கச் சோதனை கேட்பதையும் தடை செய்கிறது. ஆனால் அதே சட்டம், கிருமி இருப்பதாக அறிந்தவர் பிறருக்குத் தொற்றாதபடி தக்க முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், துணைவரிடம் முன்கூட்டியே சொல்வதும் அதில் அடங்கலாம் என்றும் கூறுகிறது. சொன்னால் அடி உதைக்கோ, வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதற்கோ அஞ்சக் காரணமுள்ள பெண்ணுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. சட்டம் செய்தவர்களுக்கு நம் வீடுகளின் நிலை தெரிந்திருக்கிறது! தங்கள் கணவருக்கு நேர்ந்ததை மருத்துவமனையார் மறைக்காமல் தங்களை அழைத்துச் சோதித்தார்களே, அந்த ஒரு வாரந்தான் தங்களைக் காத்தது. நாத்தனாருக்கு வரன் தேடும்போது, அண்ணனின் நோயை மறைப்பதைப் பற்றி மாமியார் கவலைப்படுவதைவிட, வரப்போகும் மாப்பிள்ளையும் நாத்தனாரும் மணத்துக்கு முன் மனமொத்து இரத்தச் சோதனை செய்துகொண்டார்களா என்று கவலைப்படட்டும். நகை எத்தனை சவரன் என்று மூன்று முறை உட்கார்ந்து பேசுகிற நாம், இதற்கு ஒருமுறை உட்காரக் கூடாதா? கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. மணமக்கள் தாமே விரும்பிச் செய்வதை எவரும் தடுக்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை; நானே சொல்கிறேன். எச்.ஐ.வி. கண்ணோட்டத்தில் அவர்களுக்கு அப்பாவால் ஆபத்து இல்லை. அவர் மடியில் உட்காரலாம், அவர் ஊட்டினால் உண்ணலாம், முத்தமிடலாம். ஆனால் காசநோய் வேறு கதை. அது காற்றில் பரவும். மருந்து தொடங்கிய முதற் சில வாரங்கள் அவர் இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும், சன்னல்களைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளையும் தங்களையும் காசநோய்க்காகச் சோதித்துத் தடுப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் இன்று கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கடைசியாக அந்தத் தட்டு. உமிழ்நீரிலோ, சோற்றிலோ, தம்ளரிலோ எச்.ஐ.வி. பரவாது. காசநோயும் தட்டினால் பரவாது. ஆகவே அது எந்த நோயையும் தடுக்கவில்லை. சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் மட்டும் தனியே வைத்தால் போதும். தட்டை மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவி அடுக்கிவிடுங்கள், சகோதரி. அடுத்த கடிதத்தில் கணவரின் கிருமி அளவுச் சோதனை முடிவை எனக்கு எழுதுங்கள்.